திருவேங்கடத்தின் இறால்

மாமல்லபுரம் கடற்கரையில் உள்ள ஓர் ஓட்டலில் பத்தொன்பது வருஷமாக இறால் வறுப்பவர் திருவேங்கடம். வறுத்த இறாலில் ஒன்றைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை. அவருக்கு ரசம் சோறு இருந்தால் போதும்.

பிறந்தது திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி ஒரு நெல் விளைகிற ஊர். கடல் கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் பஸ் தூரம்தான். ஆனாலும் அந்த ஊருக்கு மீன் கருவாடாகத்தான் வரும். இறால் காய்ந்துபோய்ச் சந்தைக்கு வரும். ஈர இறாலை அவர் முதன்முதலில் பார்த்தது ஓட்டலில் சேர்ந்த அன்றுதான். இன்னும் காயவில்லையே என்று அதன்மேல் இரக்கப்பட்டு, அந்தக் குறையை வாணலியில் தீர்த்து வைத்தார். அதுவே பழக்கமாகிவிட்டது. பழைய முதலாளிக்குப் பல் இல்லாததால் அவர் இறால் பக்கமே போனதில்லை.

முதலாளி போனபின் அவர் மகள் ஜாய்ஸ் கடையை எடுத்து, புது மெனு கார்டு அடித்தாள். இறாலுக்கு முன்னால் ‘சக்குலென்ட்’, கோழிக்கு முன்னால் ‘சக்குலென்ட்’, அப்பளத்துக்கும் அதே. கார்டு வந்த நாளிலிருந்து இறால் தட்டுகள் பாதியோடு திரும்பின.

“அண்ணே, ஞாயித்துக்கிழமையும் தட்டு திரும்பி வந்தா, எறால் அடுப்ப சாம்பார் வெக்கிற ஆனந்தன் பாத்துக்கட்டும். நீங்க சாம்பாருக்குப் போயிடுங்க” என்றாள் ஜாய்ஸ்.

இறால் அடுப்பில் நின்றவனைச் சாம்பாருக்கு அனுப்புவது யானையிலிருந்து இறக்கிக் கழுதையில் ஏற்றுவதுபோல. திருவேங்கடத்துக்குச் சோறு இறங்கவில்லை. செங்கல்பட்டில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் மகள் சிநேகாவிடம் கார்டை நீட்டினார்.

“இதுக்கு இன்னாம்மா அர்த்தம்?”

“சாறு நெறஞ்சதுன்னு அர்த்தம் நைனா. கடிச்சா உள்ளேர்ந்து சாறு வரணும். பழத்துக்குச் சொல்லுவாங்க, கறிக்குச் சொல்லுவாங்க. தண்ணியச் சேத்து வெச்சிருக்குதே கத்தாழ, அந்த மாதிரி செடிங்களுக்கும் சொல்லுவாங்க. அப்பளத்துக்குச் சொன்னா சிரிப்பாங்க.”

“எறாலுக்கு?”

“தாராளமா சொல்லலாம். உன் எறாலுக்குத்தான் சொல்ல முடியாது.”

பெற்ற மகள் என்பதால் அதையும் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு மதியம். இறால் நிறம் மாறிச் சுருண்டதுமே எடுத்துவிட்டார். மறுபடி வாணலியில் போடப் போன வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டார். தட்டு வெளியே போயிற்று. சமையற்கட்டு வாசலில் நின்று, பச்சையாகத் தின்கிறார்களே, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று பயந்தார்.

தட்டு திரும்பி வந்தது. எலுமிச்சைத் தோல் மட்டும் இருந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு தட்டுக்கு ஆர்டர் வந்தது. ஜாய்ஸ் ஆனந்தனைச் சாம்பார் அடுப்புக்கே திருப்பி அனுப்பினாள். அவளிடம் அதுவே பாராட்டு.

அன்றைக்கு முதல்முறையாக ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. நன்றாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலே அதுதான். கடல் பார்க்க வந்த ஜனத்துக்கெல்லாம் பத்தொன்பது வருஷமாகக் கருவாடு போட்டு அனுப்பியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். மனைவி சின்னப்பொண்ணுவாவது நல்லதைச் சாப்பிடட்டும் என்று ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு சாயங்காலமே வீடு போனார்.

சின்னப்பொண்ணு பொட்டலத்தைப் பிரித்து விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

“இன்னாய்யா இது, தண்ணி வுட்டுகினு கீது? வேவவேயில்ல. இத்தினி வருசம் அங்க இன்னா கத்துகின?”

வாணலியை ஏற்றி, சொட்டு ஈரம் இல்லாமல் வறுத்து எடுத்தாள். திருவேங்கடம் தடுக்கவில்லை. தட்டில் விழுந்தபோது இறால் டக்கென்று சத்தம் போட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட இரண்டாவது தடவையும் சோறு போடச் சொன்னார்.