ஊருக்குப் போகாத பார்சல்

அமீரகத்துப் புஜைராவில் எங்களைப் போன்ற பெண்களுக்குக் கிடைக்கும் வாடகை இடம் இரண்டே வகைதான். ஒன்று லேடீஸ் பெட்ஸ்பேஸ், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில். இன்னொன்று ஃபேமிலி ரூம், கணவன் மனைவிக்கு. வயிற்றைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்து நிற்கிறவளுக்கென்று மூன்றாவதாக ஒன்று கிடையாது. இருந்த கட்டில் போகப்போகிறது என்றான பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

நான் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். தங்குவதற்கு இடம் தரமாட்டார்கள், நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பழைய பிளாட்டின் ஹாலைப் பலகையால் தடுத்து, தடுப்புக்கு ஒருத்தியாக இருந்தோம். ஒருநாள் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து சுற்றிப் பார்த்தார்கள். தடுப்பையெல்லாம் கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிளாட்டை எடுத்து எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்த மலையாளிச் சேச்சி அன்று மாலையே, "கலாஸ், முடிஞ்சுது, மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் வேற இடம் பாத்துக்கணும்" என்றாள். மற்ற பெண்கள் போனில் அங்கே இங்கே பேசி, பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்குப் பெட்டி மட்டும்தான்.

என் கணவருக்குக் கப்பலில் வேலை. கப்பல் தூர தேசத்தில் ஒன்றும் இல்லை, புஜைராவுக்கு எதிரே கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. கப்பலை அப்படியே விட்டுவிட்டு முதலாளி போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். மாற்று ஆள் வராமல் இவர்கள் இறங்கவும் கூடாது. கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். அதில் எது அவருடையது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இறங்கியதும் சேர்ந்தே ஊருக்குப் போகலாம் என்று காத்திருந்ததில், விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்கிற மாதம் எனக்கு வந்துவிட்டது. நர்ஸுக்கு அது தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். தெரிந்தும் காத்திருந்தேன்.

டியூட்டி முடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். லேடீஸ் பெட்ஸ்பேஸ் வைத்திருந்தவர்கள் என் வயிற்றைப் பார்த்ததும் கதவை முழுதாகத் திறக்கவே இல்லை. "டியூட்டிக்குப் போற பிள்ளைங்க தூங்கணும்மா, குழந்தை அழுதா யாரு பதில் சொல்றது?" என்றார்கள். ஃபேமிலி ரூம்காரர்கள் அதே வயிற்றைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அப்புறம்தான் கேட்டார்கள். ஒரு வீட்டம்மாவும் அப்படித்தான்.

"ஹஸ்பண்ட் எங்கம்மா?"

"கப்பல்ல."

"எந்த நாட்டுல?"

"இங்கதான்" என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன்.

அந்தம்மா ஜன்னலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு என் விரலைப் பார்த்தார். விரல் வீங்கியதால் மோதிரத்தைக் கழற்றி வைத்திருந்தேன். கல்யாணச் சான்றிதழ் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். கை போகவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு அழுகையே வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். கிளினிக்கில் ஊசி போட்டேன், பிரஷர் பார்த்தேன். பிள்ளை உதைத்தது. சரி, உதைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கணவர் போன் செய்யும்போதெல்லாம் முதலில் "எங்க இருக்க?" என்றுதான் கேட்பார். "ரூம்லதான்" என்பேன். கடலில் மாட்டிக்கொண்டிருப்பவரிடம், கரையில் எனக்கு இடமில்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்கள் கோயிலில் தமிழர்களுக்கென்று அன்பியம் என்று ஒரு செபக் குழு உண்டு. வாரம் ஒரு வீட்டில் கூடி செபமாலை சொல்வோம், டீ குடிப்போம், ஊர்க்கதை பேசுவோம். கடைசியில் ஒவ்வொருவரும் தங்கள் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது.

"மாசக் கடைசியில ரூமக் காலி பண்ணுறேன். எனக்காக வேண்டிக்கிடுங்க" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

வளைகுடாவில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி அறையைக் காலி செய்கிறாள் என்றால், பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். செபத்தை நடத்திய அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, என் பயணம் பத்திரமாக அமைய வேண்டும், விமானத்தில் எனக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது என்று உருக்கமாக வேண்டினார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் ஆமென் என்றேன்.

மறுநாளிலிருந்து பார்சல் வர ஆரம்பித்தது. ஊருக்குப் போகிறவளின் பெட்டியில் எல்லோருக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு, அது இங்கே வழக்கம். பால் பவுடர், கோடாலித் தைலம், சோப்பு, சென்ட்டு, பிஸ்தா. ஒருவர் பெட்டி எடை பார்க்கும் கொக்கியோடே வந்து, "பாருங்க, கனமே இல்ல" என்று தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் பிரவுன் டேப் சுற்றி, மார்க்கரில் பேரும் ஊரும் எழுதியிருந்தது. நான் வாங்கி வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நான் போகவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் சொன்னால், பின்னே எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். பயம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. அலுப்பு. போக்கிடம் இல்லாதவளின் கட்டிலுக்கு அடியில் ஊரார் வீட்டுச் சாமானெல்லாம் குவிந்து கிடந்தது. சிரிப்பாவது வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

தடுப்புகளைக் கழற்ற ஆட்கள் வந்த அன்று, என் பெட்டியைக் கொண்டுபோய் கிளினிக் ஸ்டோர் ரூமில் வைத்தேன். பெட்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. பார்சல்களை ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். "டிக்கெட் கேன்சல் ஆயிட்டு" என்று ஒரே பொய்யை எல்லா வாசலிலும் சொன்னேன். "அச்சச்சோ, இனி எப்போ?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள்தான். நான் சொல்லாததை அவர்கள் எப்படி அறிவார்கள்?

கடைசியாக ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் வீடு. ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். கணவர் தண்ணி டேங்கர் ஓட்டினார். அன்பியத்தில் அந்த அக்கா சிரித்து நான் பார்த்ததில்லை, என்னோடு பேசியதும் இல்லை. போர்க்காலத்தில் படகேறி வந்து திருச்சியிலேயே தங்கிவிட்ட தன் அம்மாவுக்கு ஒரு கம்பளி கட்டிக் கொடுத்திருந்தார். இருந்ததிலேயே பெரிய பார்சல் அதுதான். டாக்ஸிக்காரர்தான் வாசல்வரை தூக்கிவந்து வைத்தார்.

கதவு திறந்தது. "டிக்கெட் கேன்சல் ஆயிட்டுக்கா" என்றேன்.

அவர் பார்சலைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தார். இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தன.

"இந்த மாசத்தில உமக்கு ஆர் டிக்கெட் தந்தது, பிள்ளை?"

நான் பார்சலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ரூமை விட்டிட்டீரோ?"

"ம்."

"இனி எங்க போகப் போறீர்?"

இத்தனை நாளும் நான் ஒளிந்து திரிந்த கேள்வி. "தெரியலக்கா" என்றேன். சொல்லிப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய வார்த்தையாகவும் இல்லை.

"சரி. பார்சலை உள்ளுக்கு வையும். எப்ப ஊருக்குப் போறீரோ அப்ப கொண்டு போம். அதுவரைக்கும் நீரும் இங்கயே இரும்."

ஒரே அறை. ஒரே கட்டில். மூலையில் அடுப்பு. "அண்ணன் எங்கக்கா படுப்பாங்க?" என்று கேட்டேன். "அவருக்குக் கம்பனி கேம்பில கட்டில் இருக்கு. கொஞ்ச நாளைக்கு அங்க கிடக்கட்டும்" என்றவர், என் முன்னாலேயே கணவருக்குப் போன் போட்டார். கேட்கவில்லை, சொன்னார். அவ்வளவுதான் பேச்சு.

கட்டிலை எனக்கு விட்டுவிட்டுத் தனக்குத் தரையில் பாய் விரித்தார். வீட்டில் இருந்தது ஒரு போர்வைதான். ஏசியில் உடம்பு விறைத்தது. அடுப்படியிலிருந்து கத்தியை எடுத்து வந்து அந்தப் பார்சலின் முன்னால் உட்கார்ந்தார்.

ஊருக்கென்று டேப் சுற்றியதை இங்கே யாரும் பிரிக்கமாட்டார்கள். தனக்கே தேவைப்பட்டாலும் கடைக்குப் போய் வேறு வாங்குவார்களே தவிர அதில் கைவைக்கமாட்டார்கள். கட்டிய நிமிடத்திலிருந்து அது ஊரில் இருப்பவர்களின் பொருள்.

"அக்கா, அதப் பிரிக்காதீங்க! அது உங்கம்மாவுக்குள்ளது!"

கத்திவிட்டேன். அத்தனை வாரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது. எனக்கே என் குரல் அன்னியமாகக் கேட்டது.

அவர் மார்க்கரில் எழுதியிருந்த பெயரின் குறுக்கே கத்தியை இழுத்தார்.

"அம்மா ஒரு கைப்பிள்ளையோட எத்தினை வீட்டு வாசல்ல நிண்டவா. அந்தக் கைப்பிள்ளை நான்தான். அவா ஒண்டும் சொல்லமாட்டா."

கம்பளியை உதறி என்மேல் போட்டார். புதுத்துணி வாசம் அடித்தது. பாதத்திலிருந்து மெல்லச் சூடு ஏறியது. பிள்ளை உதைத்தது, வலித்தது. அப்போதுதான் கணவரின் போன் வந்தது.

"எங்க இருக்க?"

"ஒரு அக்கா வீட்டுல" என்றேன். அழுகை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒன்றும் புரியாமல் அவர் கடலிலிருந்து, "ஏட்டி, என்னாச்சு? சொல்லு, என்னாச்சு?" என்று கத்திக்கொண்டே இருந்தார்.