தனபாலன் பெயரில் வந்த பெட்டிகள்

ராசா என்ற ஊரில் குடியிருக்கும் லோகேஸ்வரி, பக்கத்து ஊரான புக்கிட் பெருந்துங்கில் ஒரு ரசாயன இறக்குமதிக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக ஆபீஸ் கிராணி வேலை பார்க்கிறாள். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்கெல்லாம் சுங்கப் படிவம் நிரப்பி அனுப்புவது அவள்தான். படிவத்தின் அடியில் இருந்த பெயர் மட்டும் அவளுடையது அல்ல. அது அவளுக்கு மேலதிகாரியாக இருந்த தனபாலனுடையது. அவர் மாரடைப்பில் செத்து அந்த மார்ச்சோடு எட்டு மாதமாகியிருந்தது.

முதலாளி ஜக்கரியா கெட்டவர் இல்லை. தைரியம்தான் கொஞ்சம் குறைச்சல். “புதுப் பேரு பதியணும்னா இழுத்தடிப்பாங்க லா. அவரு பேரே இருக்கட்டும். தப்பு நடந்தா கையெழுத்துப் போட்டவரைத்தானே பிடிப்பாங்க? செத்தவரை யாரு பிடிக்கப்போறா?” என்றார். லோகேஸ்வரிக்கும் அது வசதியாகப் போயிற்று. ஜெயிலுக்குப் போகிற பெயர் தன் பெயராக இல்லாதவரை எந்தப் படிவத்துக்கு யார் பயப்படுவார்கள்? தினமும் தனபாலனின் கடவுச்சொல்லைத் தட்டி, போன வருடப் படிவத்தைப் பிரதியெடுத்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவாள்.

தனபாலன் அப்படிப்பட்டவர் அல்லர். ஆலையிலிருந்து வரும் தரச் சான்றிதழை வரி வரியாகப் படித்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட பிறகுதான் கையெழுத்திடுவார். படிக்கும்போது ஓயாமல் இருமுவார். ஆபீசே எரிச்சல்படும்.

மார்ச் மாதம் பென்சாயில் பெராக்சைடு நாற்பது பெட்டி துறைமுகத்தில் இறங்கியது. வெள்ளைப் பொடி, வழக்கமாகக் கால் பங்கு தண்ணீர் கலந்து வரும். அந்த ஈரம்தான் அதற்குக் காவல். காய்ந்த பொடி உராய்ந்தாலே வெடித்துவிடும். லோகேஸ்வரி பழைய படிவத்தைப் பிரதியெடுத்து அனுப்பினாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது: ‘விண்ணப்பதாரர் தனபாலன் திரும்பப் பெற்றுக்கொண்டார்.’

கை தவறியிருக்கும் என்று மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மூன்றாவது முறை அனுப்பினாள். இந்தத் தடவையும் திரும்பி வந்தது, காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே கேள்வி இருந்தது: ‘ஈரம் எவ்வளவு?’

பட்டப்பகல் மூன்று மணி. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே தனபாலனின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அப்போது போன் அடித்தது. சுங்கத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் மலாயில் பேசினாள்.

“உங்க தனபாலன் இப்பத்தான் கூப்பிட்டாரு. பெட்டிகளை விடாதீங்கன்னாரு. பாவம், அந்த இருமலுக்கு மருந்து வாங்கிக் குடிக்கச் சொல்லுங்க.”

லோகேஸ்வரி முதலாளியிடம் ஓடினாள். ஜக்கரியாவின் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் பிடிவாதத்தை விடவில்லை. “யாரோ விளையாடுறாங்க லா. நீ அனுப்பு. நாளைக்குப் பெட்டிங்க ஸ்டோருக்கு வந்தாகணும்.”

ஸ்டோரில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுவது அவள் புருஷன் காளியண்ணன். அந்த நினைப்பு வந்ததும் அனுப்புவதை நிறுத்தினாள். எட்டு மாதத்தில் முதல்முறையாகத் தரச் சான்றிதழைத் திறந்து படித்தாள். பொடி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்றிருந்தது. தண்ணீர் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஆலைக்காரன் வேறு தரத்தை அனுப்பிவிட்டான். அவளோ போன வருட ஈரத்தை எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

“பாஸ், இதை நாம சொல்லியாகணும். உசிரோட இருக்கிறவங்க யாராச்சும் கையெழுத்துப் போடணும்.”

ஜக்கரியா பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். லோகேஸ்வரி உட்கார்ந்து சுங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதினாள், எட்டு மாதமாகச் செத்தவர் பெயரில் அனுப்பியதையும் சேர்த்து. அடியில் தன் பெயரைப் போட்டாள்.

பெட்டிகளைத் துறைமுகத்திலேயே தனியாக ஒதுக்கி அழித்தார்கள். அவளை மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தார்கள், கம்பெனிக்குத் தண்டம் போட்டார்கள், அவளைக் கடுமையாக எச்சரித்து விட்டார்கள். சுங்கப் படிவங்களுக்கு இனி அவளே பொறுப்பாளர் என்ற கடிதம் ஜூன் மாதம் வந்தது. கூடவே ஒரு தாள் இணைத்திருந்தார்கள்: ‘முந்தைய பொறுப்பாளர் நேற்று நேரில் வந்து தம் பெயரை நீக்கக் கேட்டுக்கொண்டார்.’

கீழே தனபாலனின் கையெழுத்து, சிவப்புப் பென்சிலில்.

லோகேஸ்வரிக்குப் பயம் வரவில்லை. இனி அந்த மனுஷர் வரமாட்டார் என்று புரிந்தது. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.