தாழ்ப்பாளில் தொங்கிய பை

அவரை எல்லோரும் கதவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சர்தான்; கட்டில், அலமாரி எல்லாமே செய்வார். ஆனாலும் அவர் கைபட்ட கதவு மழைக்காலத்திலும் உப்பாது, முனகாது, சின்னப் பிள்ளை ஒரு விரலால் தள்ளினாலே திறக்கும். முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். தொல்லை தாங்காமல் மகள் தன் கணினியில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்து உட்கார வைத்தாள்.

ஓடுவது, சுடுவது எதுவும் அதில் இல்லை. நூற்றைம்பது வருஷத்து மாளிகை ஒன்றைக் கொடுப்பார்கள். அதை இஷ்டப்படி அலங்கரித்து ஆட்களைக் குடிவைக்க வேண்டும். அவர்கள் தாங்களாகவே எழுந்து, சமைத்து, சண்டையும் போட்டுக்கொள்வார்கள். இதெல்லாம் ஒரு வேலையா என்று முதல் நாள் முகம் சுளித்தவர், ஒரே வாரத்தில் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை. படிக்கட்டின் கைப்பிடி முதல் நாற்காலிக் கால் வரை அந்தக் காலத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அப்படி ஒரு பிடிவாதம்.

ஆனால் பதினான்கு அறை மாளிகையில் ஒரு கதவுகூடக் கிடையாது. எல்லாம் வெறும் வளைவுகள், குளியலறைக்கும்தான். குடியிருந்தவர்கள் குளிக்கப் போவார்கள், வெட்கப்பட்டுக் கையை உதறிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

"ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் கதவு போட்டீங்க, இவங்களுக்கு ஒண்ணு போடக் கூடாதா? நாலு நாளா யாரும் குளிக்கல."

"காத்து வரட்டும்னு விட்டேன்."

"காத்தா வருது? நாத்தம்ல வருது!"

அவர் திரையில் அடுத்த வளைவுக்கு வர்ணம் தேடப் போய்விட்டார்.

கணினி இருந்தது பின்னறையில். அது ஒரு காலத்தில் அவருடைய அண்ணனின் அறை. புத்தி பேதலித்து, கால் போன போக்கில் எங்காவது போய்விடுகிற அண்ணன். மகள் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்த அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. அது ஏன் வெளியே இருக்கிறது என்று அவள் கேட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற பொருளைப் பற்றி யார் கேட்பார்கள்? தன் பையை அதில்தான் மாட்டுவாள்.

கதவுக்காரர் உள்ளே உட்காரும்போதெல்லாம் கதவை மலரத் திறந்து, ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிடுவார். அப்படியும் சில நாள் முதுகுக்குப் பின்னால் மெதுவாக மூன்று தட்டு கேட்கும். பிறகு ஒரு குரல்: "தம்பி, வேலை முடிஞ்சா திறடா." திட்டாத குரல், அழாத குரல். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள்.

மாளிகையில் அவர் கடைசியாகக் குடிவைத்தது ஓர் உயரமான ஆளை. சுருட்டை முடி. யார் ஜாடை என்று மகளிடம் மூச்சு விடவில்லை. அந்த ஆளுக்கு மாடியில் மூன்று ஜன்னல் வைத்த அறை. ஒரு நாள் காலை அதை இன்னும் பெரிதாக்க ஆசைப்பட்டுச் சுவரைத் தள்ளி வைத்தார். நிஜத்தில் வைத்த வாசல் காணாமல் போகாது. இங்கே சுவரைத் தள்ளியதுமே வளைவு அழிந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் வேறு அறையின் திரைச்சீலையில் மூழ்கிவிட்டார்.

டொக், டொக், டொக்.

வழக்கமான சத்தம்தான், திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். சத்தம் கூடியது. வாசலில் பக்கத்து வீட்டு அக்கா கேட்பது காதில் விழுந்தது.

"உள்ள என்னடி சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. அப்பா ஏதோ வேலை பார்க்கறாரு" என்றாள் மகள்.

 அண்ணன் போன அன்றைக்கும் இதே வார்த்தைதான். காய்ச்சலோடு கிடந்த அண்ணனை உள்ளே விட்டுத் தாழ் போட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று யார் வீட்டுக்கோ கதவு மாட்டப் போனார். கதவு லேசில் பொருந்தவில்லை, இவரும் விடவில்லை. திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது; அண்ணனின் மூச்சும் அடங்கியிருந்தது. பகலெல்லாம் தட்டுகிற சத்தம் அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறது. தச்சர் வீட்டில் யாரோ தட்டினால் எவர் எட்டிப் பார்ப்பார்? "நீ வேலை பார்க்கறேன்னு நினைச்சோம்ப்பா" என்றார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்தார்கள்.

இந்தச் சத்தம் அக்காவுக்கும் கேட்கிறதென்றால் கணினியிலிருந்துதான் வருகிறது என்று உறைத்ததும், திரையில் மாடிக்குப் போனார். சுருட்டை முடிக்காரர் நான்கு சுவருக்குள் நின்று தட்டிக்கொண்டிருந்தார். எதை அழுத்துவது என்று தெரியாமல் சுவரையே அழித்தார். அந்த ஆள் நிதானமாக இறங்கி வந்து, நேரே சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

அதைப் பார்த்ததும் கதவுக்காரர் வாய்விட்டு அழுதார். மகள் ஓடி வந்தாள்.

"என்னப்பா இது? பொம்மைக்கா அழறீங்க?"

"பொம்மை வெளிய வந்திருச்சும்மா. உங்க பெரியப்பா வரல."

"அவர் ஆஸ்பத்திரியிலதானே..."

"இல்ல. இந்த ரூம்ல. வெளிய தாழ் போட்டிருந்துச்சு. நான்தான் போட்டேன்."

 அவள் கதவருகே போய், தாழ்ப்பாளில் தொங்கிய தன் பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.