ரப்பர் நிலத்தில் கிழங்கு நட அனுமதி கேட்ட அண்ணன்

1. புக்கிட் செலம்பாவில் அரசிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அண்ணன் ரப்பர் நட்டார். ரப்பர் மட்டுமே நடலாம் என்பது நிபந்தனை.
2. ஜப்பானியர் வந்தனர். ரப்பர் வாங்க ஆளில்லை. கடைகளில் அரிசியும் இல்லை.
3. மரவள்ளிக் கிழங்கு நடும்படி அரசு சொன்னது. நட்டால், நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கட்டணம் என்று நில அலுவலகம் சொன்னது.
4. கட்டணத்தைக் குறைக்கும்படி அண்ணன் மனுச் செய்தார்.
5. குறைத்தார்கள். அவருக்கு இல்லை.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர்களாகிய நீங்கள் அவரைப் பொறுமைசாலி என்கிறீர்கள். அந்தப் பொறுமை எங்கே செலவானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பெண்டாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். அப்பா இறந்தபின் பால்மரம் சீவி என்னைப் படிக்கவைத்தார். நில வரைபடம் தீட்டும் பயிற்சிக்கும் அனுப்பினார். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் ஆண்களைப் பிடித்துப்போனபோது, ஆதரவற்று நின்ற இரண்டு குடும்பங்களை எங்கள் நிலத்தில் குடியேற்றினார். அத்தனை பேருக்கும் கிழங்குதான் சாப்பாடு.

மனுவுக்கு நான் வரைபடம் தீட்டினேன். அவர் சைக்கிளில் நில அலுவலகம் இருந்த அலோர் ஸ்டாருக்குப் போய்வந்தார்.

"மறுபடியும் அலோர் ஸ்டாரா? அந்த ஆபீஸ்ல பொண்ணு கிண்ணு பாத்து வெச்சிருக்கீங்களா?" என்பார் அண்ணி.

"இருந்தா கட்டணத்தையாவது கொறச்சிருப்பாளே!"

அங்கே மனு வாங்கிப் பதியும் கிராணியிடம் ஒருநாள் கேட்டிருக்கிறார்: "ஐயா, ஜப்பான்காரங்க தோட்டத்து மைதானத்துல நின்னு கிழங்கு நடுங்கன்னு சொன்னப்ப, கட்டணம்னு யாரும் சொல்லலையே?"

"அது மைதானம். இது ஆபீஸ்லா. காகிதம் வர்றவரைக்கும் ஒரு மரத்தையும் வெட்டாதே."

நிழலில் மரவள்ளி விரல் பருமனுக்கு மேல் கிழங்கு வைக்காது. அதனால் அண்ணன் மரங்களை நிற்கவிட்டு, கிளைகளை மட்டும் கழித்தார். வெயில் இறங்கியது, கிழங்கு ஓரளவு பிடித்தது. பக்கத்து நிலத்துக்காரர்கள் யாரையும் கேட்காமல் மரங்களை அடியோடு சாய்த்தார்கள்.

ஜப்பானியர் ஒப்படைத்து, எங்கள் பக்கத்து ஆட்சி சயாம்காரர் கைக்குப் போனதும் மனுவைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். எழுதினோம். கடைசியில் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்து உத்தரவு வந்தது, மரம் அகற்றிய நிலங்களுக்கு மட்டும்.

"உன் நிலத்துல மரம் நிக்குதே தம்பி," என்றாராம் கிராணி.

"வெட்டாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். நீ ஏன்பா அதைக் கேட்டே?"

வீடு திரும்பியவர் கோடாலியைத் தீட்டிவைக்கச் சொல்லிவிட்டு மலேரியாக் காய்ச்சலில் படுத்தார். கொயினா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. பிறகு அவர் எழவில்லை.

துணிக்கும் தட்டுப்பாடான நாளில் தம் வேட்டியைக் கொடுத்து அவரை வழியனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும், குழி வெட்டிய அவ்விரு குடும்பத்துப் பெண்களுக்கும், அலோர் ஸ்டாரில் அவருக்குப் படுக்க இடம் தந்த ரொட்டிக்கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

வெள்ளைக்காரர் திரும்பிவிட்டனர். போர்க்காலச் சலுகை செல்லாது என்கிறார்கள். முழுக் கட்டணமே கேட்கிறார்கள். அண்ணி பெயரில் புது மனுக் கொடுத்திருக்கிறோம்; பதில் வரவில்லை. மூன்று குடும்பங்களும் இன்னும் அந்தக் கிழங்கைத்தான் சாப்பிடுகின்றன. பதிவேட்டில் அது ரப்பர் நிலம்.