கண்ணாடி பிடித்த கூட்டாளி

என் மீசையை எடுத்தவர் நாவிதர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சொன்ன வேலையைச் செய்தார், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். என் கோபமெல்லாம் எதிரே குந்திக்கொண்டு எனக்குக் கண்ணாடி பிடித்தவன்மேல்தான். இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

அவனும் நானும் வில்லியனூரில் ஒரே தெரு. இரண்டு வீட்டிலும் நெல்லும் கரும்பும்தான். அவன் மட்டும் நாலு எழுத்து பிரெஞ்சு படித்து, கொம்யூன் ஆபீசில், அதாவது பஞ்சாயத்து ஆபீசில், எழுத்து வேலைக்குப் போய்விட்டான். அதனால் அவனிடம் சைக்கிள் இருந்தது. சைக்கிள் அவனுடையது, அழுத்துவது நான். பேசும் படம் வந்த புதிதில் புதுச்சேரிக்குப் போய்ப் படம் பார்ப்பதென்றால், போகும்போதும் வரும்போதும் நான்தான் அழுத்துவேன். அவன் பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டு வருவான். கேட்ட பாட்டில் பாதி மறந்துபோயிருக்கும், மீதியை அவனே இட்டுக்கட்டுவான். அப்போது அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. சினேகிதம் என்றால் ஒருத்தன் அழுத்துவதும் ஒருத்தன் பாடுவதும்தான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஊரிலேயே பிளேட்டு வைத்துப் பாட்டுப் போடும் பெட்டி அவர் வீட்டில்தான் இருந்தது. பாட்டுக் கேட்க அவர் சன்னலுக்கு வெளியே போய் நின்றவர்கள் நாங்கள். ஆனால் பாட்டைவிட அவர் மீசைதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் மேலே திரும்பி, முனையில் ஊசியாக நிற்கும். அன்றிலிருந்து எங்களுக்கும் மீசைப் பைத்தியம் பிடித்தது.

பைத்தியம் என்றால் சாதாரணப் பைத்தியம் இல்லை. காலையில் விளக்கெண்ணெய், சாயந்திரம் தேன்மெழுகு. படுக்கும்போது மீசையின்மேல் துணியைக் கட்டிக்கொண்டு படுப்போம். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, பல்வலியா என்று கேட்டு லவங்கம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வீட்டில் கூடுவோம். ஒரு ஈர்க்கை மீசைக்கு நேரே வைத்து, முனைக்கு முனை அளப்போம். அளந்த இடத்தில் நகத்தால் கீறி, ஈர்க்கைக் கூரை இறவாணத்தில் செருகி வைப்போம். ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் ஜெயித்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, ஒரு நெல் நீளம்தான். அவன் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் பார்றா" என்பான். அவனுடைய அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். நல்ல மனுஷர். வெல்லம் காய்ச்சும் நாளில் சூடான பாகை இலையில் ஊற்றி, முதலில் என்னைத்தான் கூப்பிட்டுக் கொடுப்பார்.

ஒரு வருஷம் வைகாசித் தேருக்கு ஊர் வாலிபர்கள் சேர்ந்து நாடகம் போடுவதென்று முடிவானது. எங்கள் ஊர்த் தேர் லேசுப்பட்டது இல்லை. கவர்னர் துரையே வந்து வடம் பிடிப்பார். தேருக்கு முந்தின சனிக்கிழமை நாடகம். கதையும் பாட்டும் அவன் கட்டியவை. ராஜபார்ட்டும் அவன்தான். ராணியாக யார் நடிப்பது என்று வந்தபோது என்னைக் காட்டினான்.

"உன் தொண்டைக்கு ராணி வேஷம்தான்டா. நீ பாடனா பொம்பளைங்களே ஏமாந்துபூடுவாங்க."

"மீசைக்கு இன்னாடா பண்றது?"

"எடுத்துட வேண்டியதுதான்."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். என் கை தானாக மீசைக்குப் போனது. அழகு போகிறதே என்கிற கவலை மட்டும் இல்லை. அப்பன் உயிரோடு இருக்கும்போது மகன் மீசையை எடுப்பது எங்கள் பக்கம் கிடையாது. அப்பன் செத்து, காரியத்தன்று குளக்கரையில் உட்கார்ந்து எடுப்பதுதான் வழக்கம். அதற்கு முன்னால் எடுத்தால் அப்பனைச் சாகச் சொல்வதற்குச் சமம். இதையெல்லாம் சொன்னேன். அவன் என் தோளில் கை போட்டான்.

"உங்க நைனாகிட்ட நான் பேசறேன். நான் கீறேன் இல்ல? உனுக்கு இன்னாடா பயம்?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. ராணியின் பாட்டு ஆறையும் கரும்புத் தோட்டத்தில் நின்று பாடிப் பாடிப் பழகினேன். எனக்கு அந்த வேஷத்தின்மேல் உண்மையாகவே ஆசை வந்துவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்க்கையில் நான் எதற்காவது மனப்பூர்வமாகத் தயாரானேன் என்றால் அது அதற்குத்தான்.

நாடகத்துக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை காலை, பூவரச மரத்தடியில் நாவிதர் எதிரில் உட்கார்ந்தேன். கூட்டாளி கண்ணாடி பிடித்தான். வலது பக்கம் போனது, இடது பக்கம் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கண்ணாடியில் என் அத்தையின் முகம் தெரிந்தது. அதுவரை எனக்கு அத்தை சாடை என்றே தெரியாது.

"எப்படிடா கீது?" என்றேன்.

"மகாராணி தோத்தா போ," என்றான். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து, நாவிதரிடம், "இதோ, இந்த ஓரத்துல ரெண்டு முடி நிக்குது பாருங்க," என்று விரலால் காட்டிக் கொடுத்தான். அந்த இரண்டு முடியும் போயிற்று.

மறுநாள் சந்தை. வெயிலுக்காகத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த தப்பு. சுத்துக்கேணியிலிருந்து கத்தரிக்காய் விற்க வந்திருந்த அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். உதட்டுக்குமேல் வெறுமை. தலையில் முண்டாசு, அதற்குள் மொட்டை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். கூடையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ எங்கண்ணா, என்ன உட்டுட்டுப் போய்ட்டியா! காரியம்கூட முடிச்சிட்டீங்களேடா பாவிங்களா! கூடப் பொறந்தவளுக்கு ஒரு சொல்லு அனுப்பலியே!"

சந்தையில் நாலு பெண்கள் அவளோடு சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா நல்லா இருக்கிறார் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் முண்டாசை அவிழ்த்துத் தலைமுடியைக் காட்டின பிறகுதான் நம்பினாள். நம்பினதும் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அதோடு விடாமல், அண்ணனைக் கண்ணால் பார்த்தால்தான் சோறு இறங்கும் என்று என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்பா அப்போது கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாளெல்லாம் அவர் கண்ணில் படாமல் தோட்டத்திலேயே இருந்துவிட்டேன். கூட்டாளி வந்து பேசிவிட்டுப் போன பிறகு எதிரில் நிற்கலாம் என்றிருந்தேன். கூட்டாளி வரவே இல்லை. அத்தை அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா அவளைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார், கஞ்சியைக் கீழே வைத்தார்.

"நான் கஞ்சி குடிச்சினு இருக்கசொல்லவே எனுக்குக் காரியம் பண்ணிட்டியா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. அப்பா பேசாவிட்டாலும் ராணி வேஷம் இருக்கிறதே என்று போனேன். என் இடத்தில், நாற்காலி போட்டு, ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் பக்கத்து நாடகக்காரி. மேடையில் பெண் வேஷத்தைப் பெண்ணே கட்டுவது அப்போதுதான் எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்தது.

கூட்டாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "வர முடியாதுன்னு சொன்னவங்க, நேத்துதான் வரேன்னு சேதி அனுப்பனாங்க. நான் இன்னாடா பண்றது? நெஜப் பொம்பள ஆடறான்னா நாலு ஊரு சனம் வரும். நீ தோழி வேஷம் கட்டிக்கடா. ராணிக்குப் பக்கத்துலயே நிக்கலாம்."

தோழிக்கு ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. விசிறி வீசவேண்டும், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் நேற்றுதான் தெரிந்தது என்கிறானே, பாவம், அவன் என்ன செய்வான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மீசைதான் போய்விட்டது, வேஷமாவது கட்டுவோம் என்று சனிக்கிழமை ராத்திரி புடவை சுற்றிக்கொண்டு மேடையில் நின்றேன். நான் பழகிய ஆறு பாட்டையும் அவள் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். கூட்டாளி மீசையை முறுக்கிக்கொண்டு அவளோடு சேர்ந்து பாடும்போது நான் இரண்டு பேருக்கும் விசிறிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் கடைசியில் அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா வாயைத் திறந்தார். "விசிறி வீசறதுக்காடா மீசைய எடுத்த?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாடகக்கார அம்மாளை ரயிலேற்றும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. ராஜா தூங்கிக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லையில் சுங்கக்காரர்கள் பெட்டியைத் திறந்து டோப்பா முடியைக் கலைத்துவிடுகிறார்கள் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டு வந்தாள். ரயிலுக்காக நின்றபோது என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"கேக்கறேன்னு தப்பா நெனைச்சிக்காதீங்க அண்ணே. அப்பா எப்ப தவறனாரு?"

அப்பா கல்லுமாதிரி இருக்கிறார், ராணி வேஷத்துக்காக எடுத்தது என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

"ராணி வேஷத்துக்கா? அமாவாசை அன்னிக்கே உங்க கூட்டாளி எங்க வூட்டுக்கு வந்து வெத்தில பாக்கு வெச்சிப் பேசிட்டுப் போனாரே. அதுக்கப்புறமா எடுத்தீங்க?"

வெற்றிலை பாக்கு வைத்துவிட்டால் நாடகக்காரர்கள் பேச்சு மாறமாட்டார்கள். அமாவாசை வந்தது முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை. என் மீசை போனது அதற்கு எட்டு நாள் கழித்து. ரயில் வந்தது, அவள் ஏறினாள், நான் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் செய்தேன். ஆனால் என் மனதில் அந்த விரல் ஒன்றுதான் இருந்தது. இதோ, இந்த ஓரத்துல ரெண்டு முடி நிக்குது பாருங்க.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். அதே கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"உனுக்கு அமாவாசையிலயே தெரியுமில்ல?"

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான்.

"தெரியும்."

"தெரிஞ்சுமாடா எனுக்குக் கண்ணாடி புடிச்ச?"

"வாராவாரம் ஒரு நெல்லுடா," என்றான். "ஒரே ஒரு நெல்லு. எங்கப்பா எதிர்லயே தோத்துனு இருந்தேன். ஒரு வாரமாவது நான் ஜெயிக்கக் கூடாதா?" பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்தவன்போல் சிரித்தான். "போடா, மொளைக்கும்டா."

இறவாணத்தில் கையை விட்டு ஈர்க்கை உருவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சைக்கிளை அன்றோடு தொடவில்லை. எதிரில் வந்தால் வாய்க்கால் வரப்பில் இறங்கி நடப்பேன்.

மீசை ஆவணிக்குள் முளைத்தது. அப்பாவும் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு பல வருஷம் நல்லபடியாக இருந்தார்.

முதலில் போனது கூட்டாளியின் அப்பாதான். காரியத்துக்கு நானும் குளக்கரைக்குப் போனேன். பாகு ஊற்றிக் கொடுத்த மனுஷருக்காகப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். இடுப்பு வேட்டி மடிப்பில் அந்த ஈர்க்கு இருந்தது. எதற்கு எடுத்துப்போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நாவிதர் கத்தியை வைத்தார். அவனுக்குக் கண்ணாடி பிடிக்க யாரும் இல்லை, துக்கத்தில் பிடிக்கவும் மாட்டார்கள். முடிந்ததும் அவன் கை உதட்டுக்குமேல் போய்த் தடவிப் பார்த்தது. அத்தனை பேர் நிற்க, அவன் கண் என்னைத்தான் தேடியது. எப்படிடா கீது என்று கேட்பதுபோல் இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். கையில் பாகு கொடுத்தவர் செத்துப் பதினாறு நாள்கூட ஆகாத இடத்தில், அவர் பிள்ளை அழுத முகத்தோடு உட்கார்ந்திருக்க, எனக்கு உள்ளே இனித்தது. மீசை போனதைக்கூட மறந்துவிடலாம். சாவு வீட்டில் நின்று இனிக்கிறவனாக என்னை ஆக்கிவிட்டானே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவன் கையை நீட்டினான். ஈரத்தைத் துடைக்கத் துண்டு கேட்கிறான் என்று புரிந்தது. என் தோளில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன்.