மூன்று நாள் தாமதம்

பாதிரியார் ஹேல்டன் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர் வந்து முப்பது வருடம். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தார். தமிழைக் கட்டுமானத் தொழிலாளர்களிடம் பேசிப் பேசியே கற்றவர். அவர்கள் படும் பாட்டைப் பத்திரிகைகளில் எழுதுவார். எழுத்துக்கு அஞ்சி ஒரு முதலாளி அவர்கள் தங்கும் விடுதியைச் சீர்செய்ததும் உண்டு. அந்தப் பெருமை அவருக்குள் கொஞ்சம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லக்கண்ணு வந்தான். பூன் லே பக்கம் கட்டட வேலை.

"ஃபாதர், ஏழாவது மாடிச் சாரம் ஆடுது. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா, பயமா இருந்தா ஊருக்குப் போங்கிறாரு. நீங்க லேபர் ஆபீஸ்ல யாருக்காச்சும் போன் போடுங்க."

"நல்லா எழுதறேன் தம்பி. ஊரே படிக்கும்."

"எழுதினா லேட்டாகும் ஃபாதர். நாளைக்கும் அதுலதான் ஏறணும்."

ஹேல்டன் எழுத உட்கார்ந்தார். முதல் வரி பிடிக்கவில்லை. திங்களன்று கிழித்தார், செவ்வாயன்று மெருகேற்றினார். புதன் காலை அனுப்பினார். மதியம், தொழிலாளர் உதவிக் குழுவின் வசந்தகுமாரி அழைத்தார்.

"செல்லக்கண்ணு விழுந்துட்டார், ஃபாதர். போயிட்டார்."

கட்டுரை வெளிவந்தது. படித்தவர்கள் கண் கலங்கினார்கள். ஹேல்டனுக்கோ, பேனாவை எடுத்தாலே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாசல்வரை வந்து நிற்கும். கதவைத் திறந்தால் ஆளில்லை. ஜெபத்துக்கு மண்டியிட்டாலும் அதே சத்தம்.

ஒரு நாள் ஊரிலிருந்து செல்லக்கண்ணுவின் மனைவி போனில் பேசினாள். "அவருக்காக எழுதினீங்களாமே சாமி. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அந்த நன்றியை அவரால் தாங்க முடியவில்லை. "அம்மா, அவர் ஞாயிற்றுக்கிழமையே வந்து போன் பண்ணச் சொன்னார். நான் பண்ணலை."

"இதை விபத்தை விசாரிக்கிறவங்ககிட்ட சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள்.

சொன்னார். சாரம் ஆடுவது சூப்பர்வைசருக்கு முன்பே தெரியும் என்பதையும், தனக்கும் தெரியும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பாதுகாப்புக்கான இடுப்பு வாரை மாட்டாமல் ஏறினான் என்று செத்தவன்மேல் கம்பெனி போட்டிருந்த பழி அதோடு விலகியது. அன்று மாலையே அவளை அழைத்துத் தெரிவித்தார்.

அவள் கேட்டது ஒன்றுதான்.

"அன்னைக்கு உங்ககிட்ட வந்தப்போ சாப்பிட்டிருந்தாரா?"

ஹேல்டன் யோசித்தார். சாரத்தைப் பற்றி எவ்வளவோ குறித்து வைத்திருந்தார். இதை அவனிடம் கேட்டிருக்கவே இல்லை.

"தெரியலை அம்மா," என்றார்.