நைனா என்னை மறந்த பிறகு

என் அப்பா போர்முனையில் நின்ற ராணுவ வீரர். ஆனால் கொருக்குப்பேட்டை வீட்டில் அவர், ஞாயிறுதோறும் மீன் வாங்கிவந்து தானே குழம்பு வைக்கும் நைனா. போரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

கடைசியில் மறதி நோய் வந்தது. மகள் என்றே என்னைத் தெரியவில்லை. ஒரு மதியம் பாயில் உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து ரயில்வே யார்டில் கூட்ஸ் பெட்டிகள் மோதின, வெடி வெடித்ததுபோல. சட்டென்று என்னைக் கீழே தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டார்.

"தலைய தூக்காத!"

"நைனா, நான் யாருன்னு தெரியுதா?"

"யாரா இருந்தா இன்னா? நான் கீறேன்ல, பயப்படாத."

சில நாட்களில் இறந்துபோனார்.

அந்த யார்டில் பெட்டிகள் மோதாத நாளே கிடையாது. அத்தனை வருடமும் எங்களுக்காக அந்தச் சத்தத்தை எப்படித் தாங்கினார் என்று, இனி யாரிடம் கேட்பேன்?